ஞாயித்துக்கிழமை நடக்காத செஷன்: ஒரு பையனுக்கு அஞ்சு பேர் டேட்டா எடுத்த கதை

சென்னையில தென்பக்கம் ஒரு வீட்டோட கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து நடத்துற சின்ன தெரபி சென்டர் நம்மளது. பெரிய ஹால் ஒண்ணு, சின்ன ரூம் மூணு, அதுல ஒண்ணு சென்சரி ரூம், அங்க மட்டும் வைஃபை எடுக்காது (இது பின்னாடி வரும், ஞாபகம் வெச்சுக்கோங்க). நான் அங்க ப்ரோகிராம் சூப்பர்வைசர், அதாவது ஏபிஏ (பிஹேவியரை எண்ணிப் பாத்து கொஞ்சம் கொஞ்சமா மாத்துற தெரபி முறை) ப்ரோகிராம் எழுதுறது, கிராஃப் பாக்குறது, பேரண்ட்ஸ்கிட்ட பேசுறது எல்லாம் என் தலைல. போன வருஷம் ஜூன் வரைக்கும் எங்க டேட்டா எல்லாம் கிளிப்போர்டு, பேப்பர், பென்சில் தான். ஜூன்ல ஒரு வெளிநாட்டு சாஃப்ட்வேருக்கு மாறினோம், பேர் சொல்லல, ஏன்னா நடந்த சொதப்பல்ல முக்காவாசி அதோட தப்பில்ல, நான் செட் பண்ண விதம். இதே மாதிரி நாலஞ்சு பேர் ஒரே குழந்தைக்கு டேட்டா எடுக்குற இடம் நிறைய இருக்கு, அவங்களுக்கு உதவும்னு முழுசா எழுதுறேன்.

பையனுக்கு ஆறு வயசு, ஆட்டிசம், ரெண்டு வார்த்தை சேத்து கேட்பான், "தண்ணி வேணும்", "கதவு தொற" அந்த அளவுல. குறைக்கணும்னு எடுத்துக்கிட்ட பிஹேவியர் ரெண்டு, அடிக்கிறதும் கத்துறதும். காலைல 9:30ல இருந்து 11:30 வரைக்கும் ஒரு செஷன், சாயங்காலம் 3ல இருந்து 4:30 வரைக்கும் இன்னொண்ணு. காலைல ரெண்டு தெரபிஸ்ட் மாத்தி மாத்தி வருவாங்க, சாயங்காலத்துக்கு ஒருத்தங்க, கூட ஒரு ட்ரெய்னி பொண்ணு, வீட்ல அவனோட பாட்டி. ஆக அஞ்சு பேர்.

முதல் தப்பு என்னோடது. சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு யூசருக்கும் தனித்தனியா மாசக் காசு. அஞ்சு லாகின் எதுக்கு, ஒண்ணு வாங்கி எல்லா டேப்லெட்லயும் போட்டுக்கலாம்னு முடிவு பண்ணேன். சேந்த டேட்டா எல்லாம் ஒரே பேர்ல இருந்துச்சு, யார் எடுத்ததுன்னு பாக்க வழியே இல்ல. அப்போ அது ஒரு பெரிய விஷயமா தோணவே இல்ல. பேப்பர்ல இருந்தப்போ கையெழுத்தைப் பாத்தே சொல்லிடுவோம்ல, இது யாரோடதுன்னு.

மூணாவது வாரம் அவனுக்கு புது ப்ளான் ஆரம்பிச்சோம். வேலை கஷ்டமா இருந்தா அடிக்கிறான், அடிச்சா வேலை நின்னுடுது, அதனால அடிக்கிறதுக்கு பதிலா ஒரு பிரேக் கார்டை (கொஞ்ச நேரம் ஓய்வு வேணும்னு கேக்குற அட்டை) எடுத்து நீட்ட கத்துக்கொடுக்கிறது. எட்வர்ட் கார், மார்க் டுராண்ட்ங்கிற ரெண்டு ஆய்வாளர்கள் 1985ல வெளியிட்ட ஆய்வுல இருந்து வந்த முறை, அடிக்கிறது எதுக்காக நடக்குதோ அதையே வாங்கித்தர்ற வேற ஒரு வழியை குழந்தைக்கு கொடுக்கிறது. அதுக்கு முந்தின வாரம் காலை செஷன்ல அடிச்சது 11, 9, 12, 10, 11. ப்ளான் போட்ட வாரம் திங்கள் 8, செவ்வாய் 7, நல்லா இருக்கேன்னு பாத்தா புதன் 17. வியாழன் 6. வெள்ளி 15.

பேரண்ட்ஸ் போன்லயே கிராஃப் பாக்குற மாதிரி வசதி வேற திறந்து விட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானமே அம்மா கூப்பிட்டாங்க. "மேம், கார்டு குடுக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் தானே ஜாஸ்தியாயிருக்கு? நிறுத்திடலாமா?" எனக்கும் பதில் தெரியல. திங்கக்கிழமை வரைக்கும் டைம் கொடுங்க மேடம், பாத்துட்டு சொல்றேன்னு சமாளிச்சேன், உள்ளுக்குள்ள நிறுத்திடலாம்னு தான் இருந்துச்சு.

சனிக்கிழமை உக்காந்து கிராஃபை விட்டுட்டு தெரபிஸ்ட் பட்டனைத் தட்டின ஒவ்வொரு நேரத்தையும் வரிசையா இறக்கிப் பாத்தேன். புதன்கிழமை லிஸ்ட் இப்படி இருந்துச்சு: 10:14:05 அடி, 10:14:07 அடி. 10:21:40 அடி, 10:21:42 அடி. 10:36:11, 10:36:12. ஜோடி ஜோடியா. ஒரு குழந்தை ரெண்டு செகண்ட் இடைவெளில ரெண்டு தடவை அடிக்கலாம் தான், ஆனா ஒவ்வொரு தடவையும் கரெக்டா ரெண்டு ரெண்டா அடிக்க மாட்டான். அப்ப தான் பொறி தட்டுச்சு. புதன், வெள்ளி ரெண்டு நாளும் ட்ரெய்னி பொண்ணு பக்கத்துல உக்காந்து இன்னொரு டேப்ல அதே செஷனுக்கு டேட்டா எடுத்திருக்கா, ஐஓஏக்காக, அதாவது ரெண்டு பேர் தனித்தனியா எண்ணி ஒத்துப்போகுதான்னு பாக்கிறதுக்காக, அதுவும் நான் சொல்லித்தான். சாஃப்ட்வேருக்கு அது தெரியாது, ஒரே லாகின், ஒரே குழந்தை, ஒரே நாள், ரெண்டையும் கூட்டி கிராஃப்ல வெச்சிடுச்சு. புதன் 9ம் 8ம் சேந்து 17. வெள்ளி 8ம் 7ம் சேந்து 15. தெரபிஸ்ட் எண்ணினதை மட்டும் எடுத்தா அந்த வாரம் 8, 7, 9, 6, 8. ப்ளான் வேலை செஞ்சிட்டு தான் இருந்திருக்கு.

நல்லா போயிட்டிருந்த ஒரு ப்ளானை ஒரு கூட்டல் கணக்கால நிறுத்தப் பாத்தேன். 1968ல டொனால்ட் பேர், மான்ட்ரோஸ் வுல்ஃப், டாட் ரிஸ்லிங்கிற மூணு ஆய்வாளர்கள் ஜர்னல் ஆஃப் அப்ளைட் பிஹேவியர் அனாலிசிஸோட முதல் இதழ்ல எழுதின கட்டுரைல ஒரு கேள்வி வரும், பிஹேவியர் மாறுச்சான்னு மட்டும் கேக்காதே, யாரோட பிஹேவியர் மாறுச்சுன்னும் கேளுங்கிற அர்த்தத்துல. படிக்கிற காலத்துல பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணது. மாறினது பையன் இல்ல, நாங்க எண்ணின விதம்னு அந்த சனிக்கிழமை தான் உறைச்சுது.

திங்கக்கிழமை அஞ்சு லாகின் வாங்கினேன். ஒவ்வொரு செஷன் ஆரம்பிக்கும்போதும் "மெயின்", "செக்"னு ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா தான் உள்ள போக முடியும்னு செட் பண்ணேன், செக்னு குறிச்சது கிராஃபுக்கு போகாது, ஒப்பிட்டுப் பாக்க மட்டும் தான். இந்த மாதிரி வசதி உங்க சாஃப்ட்வேர்ல இருக்கானு முதல்ல பாருங்க, இல்லேன்னா அதே குழந்தைக்கு செக் டேட்டாக்குன்னு தனியா ஒரு ப்ரொஃபைல் போட்டுக்கோங்க, அசிங்கமான வழி தான் ஆனா கிராஃப் கெடாது. அப்புறம் எண்ணிக்கையா காட்டிட்டிருந்த கிராஃபை மணிக்கு எத்தனைன்னு மாத்தினேன். காலைல ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ஒன்றரை, ரெண்டையும் ஒரே கிராஃப்ல வெறும் எண்ணிக்கையா வெச்சா சாயங்காலம் எப்பவுமே நல்ல பிள்ளையா தான் தெரிவான்.

யாருக்கு என்ன உரிமைங்கிறதையும் அன்னைக்கே பிரிச்சோம். தெரபிஸ்ட் டேட்டா போடலாம், அன்னைக்குள்ள திருத்தலாம், காரணம் எழுதிட்டு. எதை அடி, எதை கத்தல்னு எண்ணணும்ங்கிற டெஃபனிஷனையோ, கத்துக்கொடுக்கிற டார்கெட்டையோ நான் மட்டும் தான் மாத்த முடியும். ட்ரெய்னிக்கு செக் மட்டும் தான். பேரண்ட்ஸ் பாக்குற கிராஃப் வாரத்துக்கு ஒரு தடவை, நான் பாத்து ஓகே பண்ண பிறகு. அம்மா கொஞ்சம் வருத்தப்பட்டாங்க, ஆனா புரிஞ்சுக்கிட்டாங்க. சர்வர் வெளிநாட்டுல இருக்குங்கிறதை சொல்லி எழுத்துல சம்மதமும் வாங்கினோம். 2023ல வந்த டேட்டா பாதுகாப்பு சட்டத்துல 18 வயசுக்கு கீழ எல்லாரும் குழந்தை தான், அப்பா அம்மா சம்மதம் வேணும், நம்ம மாதிரி சின்ன சென்டர்கள் இதைக் கண்டுக்கிறதே இல்ல.

இதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

இப்ப தனித்தனி பேர் இருக்கே, கத்தலுக்கு ஒத்துப்போகுதான்னு பாக்கலாம்னு சாயங்கால தெரபிஸ்ட்டோட ஒரு மணி நேர டேட்டாவையும் ட்ரெய்னியோடதையும் எடுத்தேன். ஒருத்தங்க 9, இன்னொருத்தங்க 8. சின்னதை பெருசால வகுத்தா 89 சதவீதம். 80 தாண்டினா போதும்னு தான் பொதுவா சொல்லுவாங்க, சாஃப்ட்வேரும் பச்சை கலர்ல டிக் போட்டு காட்டுச்சு. முந்தின வார சூடு ஆறலங்கிறதால அதையே பத்து பத்து நிமிஷமா உடைச்சுப் பாத்தேன். தெரபிஸ்ட் எண்ணினது 3, 0, 2, 1, 0, 3. ட்ரெய்னி எண்ணினது 1, 2, 2, 0, 2, 1. ஆறு கட்டத்துல ஒண்ணே ஒண்ணு தான் ஒத்துப்போகுது! சரியா பொருந்தினதை மட்டும் எண்ணினா 17 சதவீதம், கட்டத்துக்கு கட்டம் வகுத்து சராசரி எடுத்தா 28. அதே டேட்டா தான், எந்த ஃபார்முலா போடுறீங்கங்கிறதைப் பொறுத்து 89ம் வரும், 17ம் வரும். எங்க சாஃப்ட்வேர் தானா எடுத்துக்கிட்டது மொத்தத்தை வெச்சு கணக்கு போடுறது தான், செட்டிங்ஸ்ல போய் மாத்தணும்.

ரெண்டு பேரையும் உக்கார வெச்சு கேட்டேன்.

"அவன் அழுது கத்துறதை அக்கா ஒவ்வொரு மூச்சுக்கும் ஒண்ணுன்னு எண்ணுறாங்க மேம், நான் ஒரு தடவை ஆரம்பிச்சு முடியறது வரைக்கும் ஒண்ணுன்னு எண்ணினேன்."

"நீ அவன் குதிக்கும்போது கீச்சுன்னு கத்துறதையும் போட்டியா?"

"ஆமா அக்கா, அதுவும் கத்தல் தானே?"

"அது சந்தோஷம்டி!"

ரெண்டு பேரும் வேற வேற விஷயத்தை எண்ணிட்டு மொத்தம் மட்டும் தற்செயலா ஒத்துப்போயிருக்கு. நான் எழுதி வெச்ச டெஃபனிஷன் என்ன தெரியுமா, "உரக்க சத்தம் போடுதல்". மூணே மூணு வார்த்தை சேர்த்து எழுதியிருந்தேன், அதுவும் எழுத்துத் தமிழ்ல. அதைக் கிழிச்சிட்டு புதுசா எழுதினோம்: மூடின கதவுக்கு வெளிய நிக்கிறவங்களுக்கு கேக்குற அளவுக்கு குரல், ரெண்டு செகண்டாவது நீடிக்கணும், நின்ன பிறகு அஞ்சு செகண்ட் அமைதி இருந்தா தான் அடுத்தது புதுசா ஒண்ணு, குதிக்கும்போது சிரிச்சிட்டே வர்ற கீச்சு சத்தம் சேராது. அடிக்கிறதுக்கும் அதே மாதிரி, கை இன்னொருத்தர் மேல பட்டா தான் கணக்கு, ஓங்கிட்டு நிறுத்தினா கணக்கில்ல, டேபிளை தட்டினா கணக்கில்ல. இதை பட்டனைத் தொட்டாலே மேல வர்ற மாதிரி சாஃப்ட்வேர்க்குள்ளயே போட்டேன், ஃபைல்ல இருந்தா யாரும் தொறக்க மாட்டாங்க.

பயிற்சிக்கு செஷனை போன்ல வீடியோ எடுத்து, இதுக்கும் சம்மதம் வாங்கித்தான், போரிஸ்னு ஒரு இலவச ப்ரோகிராம்ல போட்டு எல்லாரையும் தனித்தனியா குறிக்க வெச்சேன். இத்தாலில டூரின் யுனிவர்சிட்டிக்காரங்க ஃப்ரியார்ட், காம்பா ரெண்டு பேரும் 2016ல வெளியிட்டது, குரங்கு, பறவைன்னு மிருகங்களைப் பாக்குறவங்க அதிகமா பயன்படுத்துறது, ஆனா வீடியோவை நிறுத்தி நிறுத்தி பாத்து எந்த செகண்ட்ல ஆரம்பிச்சுது, எந்த செகண்ட்ல முடிஞ்சுதுன்னு குறிக்கிறதுக்கு நமக்கும் பிரமாதமா உதவுது. நொடில முடியறது ஒரு வகை, நீடிக்கிறது ஒரு வகைன்னு பிரிச்சு வெச்சிருக்கும், அடிக்கிறது முதல் வகை, கத்தல் ரெண்டாவது. கோஹன்ஸ் கப்பாங்கிற ஒத்துமைக் கணக்கும் அதுலயே வரும்.

கப்பா எதுக்குன்னு ஒரு தெரபிஸ்ட் கேட்டாங்க, போர்டுல எழுதி காட்டினேன். அபூர்வமா வர்ற பிஹேவியர் ஒண்ணு, 100 கட்டம். நீங்க மூணு கட்டத்துல ஆமான்னு போட்டீங்க, நானும் மூணு கட்டத்துல போட்டேன், ஆனா ஒண்ணு கூட ஒரே கட்டம் இல்ல. மீதி 94 கட்டத்துல ரெண்டு பேரும் இல்லைன்னு சொல்லிட்டோம், அதனால 94 சதவீதம் ஒத்துப்போச்சுன்னு வரும், பிஹேவியர் எப்ப வந்துச்சுங்கிறதுல ஒரு தடவை கூட ஒத்துப்போகல. கப்பா போட்டா பூஜ்யத்துக்கு கீழ போயிடும். 1960ல கோஹன் கொண்டு வந்தது இதுக்காகத்தான், குருட்டாம்போக்குல வர்ற ஒத்துமையைக் கழிக்கிறதுக்கு. ரெண்டு வாரம் கழிச்சு அதே ரெண்டு பேர், அதே பத்து நிமிஷக் கட்டம், ஆறுல அஞ்சு சரியா பொருந்துச்சு. 83.

சரி, ஸ்கில் பக்கம் வருவோம், அங்கயும் ஒரு கூத்து. டார்கெட்ல மூணு செஷன் தொடர்ந்து 80 சதவீதம் வந்தா சாஃப்ட்வேர் தானா மாஸ்டர்டு, அதாவது கத்துக்கிட்டான்னு போட்டு அடுத்த டார்கெட்டை திறந்துடும். "சிவப்பு எது?" ஓடிட்டிருந்துச்சு. லாகின் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வியாழக்கிழமை காலைல தெரபிஸ்ட் அஞ்சு ட்ரயல் (ஒரு தடவை கேட்டுப் பாக்குறது ஒரு ட்ரயல்) போட்டாங்க, 4 சரி. அதே காலைல ட்ரெய்னியும் பழகிக்கிறதுக்காக அஞ்சு போட்டா, 5 சரி. சாயங்காலம் அஞ்சு, 4 சரி. யார் டேப்பை திறந்தாலும் அது ஒரு செஷன்னு எடுத்துக்கிட்டு ஒரே நாள்ல மாஸ்டர் ஆயிடுச்சு. திங்கக்கிழமை சிவப்பு எதுன்னு கேட்டா பையன் ஜன்னலைப் பாக்குறான். ரூலை மாத்தினேன்: மூணு வெவ்வேற நாள், ஒவ்வொரு நாளும் பத்து ட்ரயலாவது, ரெண்டு பேராவது எடுத்திருக்கணும், அப்பவும் தானா நகரக் கூடாது, எனக்கு ஒரு நோட்டிஃபிகேஷன் மட்டும் வரட்டும்.

மாத்தின அடுத்த வாரமே இன்னொரு டார்கெட் ரெண்டே நாள்ல மூணு நாள் கணக்கை முடிச்சிடுச்சு. எப்படி? கிராஃபை பெருசு பண்ணிப் பாத்தா ஞாயித்துக்கிழமைக்கு மேல ஒரு புள்ளி. ஞாயித்துக்கிழமை சென்டர் பூட்டியிருக்கும்ங்க. வாட்ச்மேன் கூட வரமாட்டார்.

அக்கவுண்ட் திறந்தப்போ டைம் ஸோன் அமெரிக்க பசிபிக்னு இருந்திருக்கு, யாரும் மாத்தல. ஜூன்ல அவங்களுக்கு நள்ளிரவுன்னா நமக்கு மத்தியானம் 12:30. அதனால திங்கக்கிழமை காலை 9:30 செஷன் ஞாயித்துக்கிழமை ராத்திரி 9 மணி செஷன்னு பதிவாகுது, சாயங்கால செஷன் மட்டும் ஒழுங்கா திங்கள்லயே நிக்குது. ஒரே நாள் ரெண்டு நாளா உடைஞ்சு போச்சு. கிராஃப்ல ப்ளான் ஆரம்பிச்ச நாளைக் காட்டுற கோடு கூட ஒரு காலை செஷன் தள்ளி விழுந்திருந்துச்சு. டேப் காட்டுற நேரம் சரியா இருக்கும், அதனால தெரபிஸ்ட்டுக்கு சந்தேகமே வராது, அக்கவுண்ட் செட்டிங்க்ஸ்ல போய் பாத்தா தான் தெரியும். முதல் நாளே பாக்க வேண்டிய ஒரே விஷயம் எதுன்னு கேட்டா இதைத்தான் சொல்லுவேன்.

சென்சரி ரூம் வைஃபை கதை சின்னது. நெட் இல்லேன்னா டேட்டா டேப்லயே தங்கும், நெட் வந்ததும் மேல போகும், ஆனா போகறதுக்கு முன்னாடி லாகவுட் பண்ணிட்டா எங்க சாஃப்ட்வேர்ல போயே போச்சு. தனித்தனி லாகின் வந்ததும் ஆள் மாறும்போதெல்லாம் லாகவுட் பண்ண ஆரம்பிச்சாங்க, அதுல ரெண்டு செஷன் காணாம போச்சு. இப்ப ஆளுக்கு ஒரு டேப், இல்லேன்னா ஹாலுக்கு வந்து மேல இருக்குற மேகக் குறி மறைஞ்ச பிறகு தான் லாகவுட். கரண்ட் போனா பேப்பர், அதுக்கு ஒரு கிளிப்போர்டு ஆணில மாட்டியே இருக்கு.

ப்ராம்ப்ட், அதாவது பதில் வர்றதுக்கு நாம செய்ற உதவி, அந்த லிஸ்ட்ல ஒன்பது இருந்துச்சு, எல்லாம் இங்கிலீஷ்ல. தோளை லேசா தொட்டதை ஒருத்தங்க ஒண்ணுல போடுறாங்க, இன்னொருத்தங்க வேறதுல. லேபிள் மாத்த முடியும்னு தெரிஞ்சதும் நாலா குறைச்சு தமிழ்ல போட்டேன்: தானா, காட்டி, லேசா தொட்டு, கை பிடிச்சு. அதுக்கப்புறம் யாரும் என்கிட்ட டவுட்டே கேக்கல.

பாட்டிக்கு வருவோம். அவங்களுக்கும் ஒரு லாகின் போட்டு போன்ல இறக்கிக் கொடுத்தேன், ரெண்டு நாள் முயற்சி பண்ணிட்டு "இதைப் பாத்தா அவனைப் பாக்க முடியல, அவனைப் பாத்தா இதைப் பாக்க முடியலம்மா"ன்னு சொல்லிட்டாங்க. நியாயம் தானே. அவங்களே ஒரு வழி பண்ணாங்க, மடில ஒரு கைப்பிடி புளியங்கொட்டை, அடிச்சா ஒண்ணு எடுத்து டம்ளர்ல போடுறது. அஞ்சுல இருந்து ஏழு மணி வரைக்கும் மட்டும். ஏழு மணிக்கு எண்ணி தினசரி காலண்டர் தாள்ல எழுதி வெப்பாங்க, மருமகள் வேலை முடிஞ்சு வந்து ஆப்ல ஏத்துவாங்க. அம்மா எடுத்த வீடியோ ரெண்டை வெச்சு நான் எண்ணிப் பாத்தேன், ஒரு நாள் அப்படியே சரி, ஒரு நாள் ஒண்ணு குறைச்சல். வீட்டு டேட்டாவை சென்டர் கிராஃபோட சேக்கல, தனி கிராஃப், ஏன்னா அங்க யாரும் அவனை வேலை செய்யச் சொல்றதில்ல, இடமே வேற.

இவ்வளவும் சரியான பிறகு, ஆகஸ்ட் நடுவுல, ஆள் வாரியா கலர் பிரிச்சு கிராஃப் போட்டேன். காலைல ரெண்டு பேர்கிட்டயும் மணிக்கு நாலு அடி கிட்ட. சாயங்காலம் ரெண்டு. முன்னாடியா இருந்தா சாயங்காலக்காரங்க ஒழுங்கா எண்ணலன்னு முடிவு கட்டியிருப்பேன், ஒரு வார்த்தை கேட்டும் இருப்பேன். இப்ப அந்த சாக்கு இல்ல, செக் டேட்டாவும் அதையே சொல்லுது. அப்ப பையன் தான் அங்க வேற மாதிரி நடந்துக்கிறான்.

போய் மூணு நாள் உக்காந்து பாத்தேன். காலைல ஒரு வேலை முடிஞ்ச உடனே அடுத்த வேலை. சாயங்காலம் அவங்க ஒவ்வொரு வேலைக்கு நடுவுலயும் ஒரு நிமிஷம் அவனை சும்மா விடுறாங்க, ஜன்னல் பக்கம் போவான், ரோட்ல பஸ் பாப்பான், திரும்பி வருவான். கார்டும் அவங்ககிட்ட தான் அதிகமா நீட்டுறான். ஏன் அப்படி பண்றீங்கன்னு கேட்டா, "மேம், நடுவுல நான் டேப்ல என்ட்ரி போட்டுக்கிறேன், அதுக்கு டைம் வேணும்ல"ன்னாங்க.

காலைலயும் அந்த ஒரு நிமிஷத்தைச் சேத்தோம், செப்டம்பர்ல காலை கோடும் மூணுக்கு கீழ வந்துச்சு. டெஃபனிஷன் இப்ப நாலாவது தடவையா மாறிட்டிருக்கு, ஏன்னா பையன் முடியைப் பிடிச்சு இழுக்க ஆரம்பிச்சிருக்கான், அது அடியா தனியான்னு காலைல ரெண்டு பேருக்கும் இன்னும் சண்டை ஓயல.